கப்பல் காண்ட்ராக்டர் மருதப்பன்

எங்கள் வீட்டுக்காரர் காண்ட்ராக்டர் ஆனது ஒரு செவ்வாய்க்கிழமை. திங்கட்கிழமை வரைக்கும் அவர் சிங்கப்பூர் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் கப்பலுக்குத் துரு தட்டிச் சிவப்புச் சாயம் அடிக்கிற கூலி. செவ்வாய்க்கிழமையும் அதே கப்பல், அதே துரு, அதே சாயம்தான். நடுவில் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டார், அவ்வளவுதான் நடந்தது.

அது ஐம்பத்தைந்தாம் வருடம். சேமநிதிச் சட்டம் அப்போதுதான் வந்திருந்தது. வேலைக்காரன் சம்பளத்தில் கொஞ்சம் பிடித்து, முதலாளியும் தன் பங்குக்கு அதே அளவு போட்டு, மாதாமாதம் அரசாங்கத்தில் கட்ட வேண்டும். ஐம்பத்தைந்து வயது ஆனதும் வேலைக்காரனுக்கு அது மொத்தமாகக் கையில் வரும். கம்பெனித் துரைக்குத் தன் பங்கைப் போட மனசில்லை. துரைக்கு மனசில்லாத காரியத்துக்கெல்லாம் வழி கண்டுபிடிக்கிறதற்கென்றே தனசேகரன் என்று ஒரு கிராணி அந்த ஆபீஸில் கணக்கெழுதிக்கொண்டு இருந்தான்.

"மருதப்பா, உனக்குக் கீழ நாலு பேரு வேலை செய்யறான். நீ என்ன கூலியா? இன்னையிலேர்ந்து நீ காண்ட்ராக்டர் லா. மொத்தப் பணத்தையும் உன் கையில தர்றோம், நீ உன் ஆளுங்களுக்குப் பிரிச்சுக் குடு. சேமநிதி அது இதுன்னு ஒரு காசு பிடிக்க மாட்டோம்" என்றானாம்.

பிரித்துக் கொடுத்த பிறகு இவர் கையில் மிஞ்சியது பழைய சம்பளம்தான். கூடுதலாகக் கிடைத்தது அந்தப் பட்டம் ஒன்றுதான். அதற்கே மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. தனசேகரன் தன் தலையில் மிளகாய் அரைக்கிறான் என்பது தெரியாமல், வரும் வழியில் தேக்கா சந்தையில் ஒரு ராத்தல் ஆட்டுக்கறியும் வாங்கிக்கொண்டு வந்தார், கடனுக்கு.

அடுத்த மாதமே அச்சாபீஸில் பேர் அட்டை அடித்தார். இருநூறு அட்டை. கப்பலின் அடியில் தொங்கிக்கொண்டு துரு தட்டுகிறவர் யாரிடம் அட்டை கொடுப்பார் என்று நான் கேட்டேன். "உனக்கு வெளி விவகாரம் தெரியாது" என்றார். எங்களுக்குக் கல்யாணமான நாளிலிருந்து எனக்குத் தெரியாததாக அவர் சொல்லி வருவது அந்த வெளி விவகாரம் ஒன்றைத்தான்.

கூட வேலை செய்த நாலு பேரும், வயதில் மூத்தவர்கூட, அதுவரை அவரை 'அண்ணே' என்றுதான் கூப்பிட்டார்கள். இனிமேல் 'முதலாளி' என்று கூப்பிட வேண்டும் என்று உத்தரவு போட்டார். கூப்பிடாதவனுக்குக் கப்பலின் எண்ணெய்த் தொட்டிக்குள் வேலை. நாகூர்ப் பக்கத்து மனிதர் நெய்னா முகம்மது, இவரைவிட ஏழெட்டு வயது மூத்தவர், இரண்டு நாள் அந்தத் தொட்டிக்குள் இருமிவிட்டு மூன்றாம் நாள் 'மொதலாளி' என்றார். அதை என்னிடம் வந்து பெருமையாகச் சொன்னார் இந்த முதலாளி.

அறுபதாம் வருடம் மூத்தவள் பாக்கியலட்சுமிக்குக் கல்யாணம். பத்திரிகையில் மாப்பிள்ளை பெயரைவிடப் பெரிய எழுத்தில் 'சிங்கப்பூர்க் கப்பல் காண்ட்ராக்டர் திரு. மருதப்பன் அவர்களின் குமாரத்தி' என்று போட வைத்தார். முதல் பத்திரிகையை வெற்றிலை பாக்கோடு கொண்டுபோய்க் கொடுத்தது யாருக்கு? கிராணி தனசேகரனுக்கு. அப்படியே மகள் கல்யாணத்துக்கு ஒரு நாள் லீவும் கேட்டார். கப்பல் சாயங்காலம் கிளம்புகிறது, அரை நாள்தான் தர முடியும் என்று சொல்லி, அந்த அரை நாளுக்கும் சம்பளத்தை வெட்டினான் அவன். தாலி கட்டி முடிந்த கையோடு காண்ட்ராக்டர் பட்டு வேட்டியை அவிழ்த்துவிட்டுக் காக்கிக் கால்சட்டையோடு பஸ் பிடித்து ஓடினார். சம்பந்தி வீட்டாரிடம், துரை அவசரமாக ஆலோசனைக்குக் கூப்பிடுகிறார் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்குப் பந்தியில் பெண்கள் என்னைக் 'காண்ட்ராக்டரம்மா' என்று கூப்பிட்டபோது நானும் வாயைத் திறக்கவில்லை. அந்த வெட்கக்கேட்டில் எனக்கும் பங்கு உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

நான் கெர்பாவ் ரோட்டு மாவு மில்லில் மிளகாய்க்குக் காம்பு கிள்ளுகிறவள். பதினோரு வருடம் கிள்ளினேன். கண்ணும் கையும் எரிய எரியச் சேர்த்ததைத் தபால் ஆபீஸில் போட்டு வைத்திருந்தேன். அறுபத்துநாலில் குவீன்ஸ்டவுனில் அரசாங்க அடுக்குமாடி வீட்டைச் சொந்தமாகவே வாங்கலாம் என்றார்கள். ஆறு குடும்பத்துக்கு ஒரே கக்கூஸ் இருக்கிற மாடியில் ஒரு பலகைத் தடுப்புக்குள் குடும்பம் நடத்தினவளுக்கு அது எப்படி இருந்திருக்கும். முன்பணத்துக்குச் சரியாக என்னிடம் காசு இருந்தது. எழுதிப் போட்டேன், வீடும் ஒதுக்கினார்கள். பணத்தைக் கட்டிச் சாவி வாங்க வேண்டியதுதான் பாக்கி.

அந்தச் சமயத்தில்தான் நெய்னா முகம்மதுக்கு ஐம்பத்தைந்து வயது நிறைந்தது. அவர் அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு சேமநிதி அலுவலகத்துக்குப் போய்த் தன் பணத்தைக் கேட்டிருக்கிறார். தேடிப் பார்த்துவிட்டு, அப்படி ஒரு பெயரே இல்லை என்றார்களாம். உன் முதலாளி யார் என்று கேட்டிருக்கிறார்கள். கம்பெனியைக் கேட்டபோது, அவன் எங்கள் ஆள் இல்லை, காண்ட்ராக்டர் மருதப்பனின் ஆள் என்று தனசேகரன் எழுதிக் கொடுத்துவிட்டான்.

விசாரணைக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்த அன்று நெய்னா முகம்மது எங்கள் வீட்டுக்கு வந்தார். உட்காரக்கூட இல்லை.

"தங்கச்சி, நான் மொதலாளி மேல புகார் குடுக்கல. என் காசைத்தான் கேட்டேன். அங்க ஒரு ஆபீசர் எனக்கு வெவரமாச் சொன்னாரு. மொதலாளியும் எங்களை மாதிரிக் கூலிதான்னு ஆச்சுன்னா, ஒம்பது வருசத்துக்கும் கம்பெனி கட்டணும். எங்களுக்கும் வரும், அவருக்கும் வரும். இல்ல, அவரு நெசமாவே காண்ட்ராக்டர்தான்னு ஆச்சுன்னா, எங்க நாலு பேரு பணத்தையும் அவருதான் கட்டணும். ரெண்டு பங்கும் சேத்து."

"கூலிதான்னு சொன்னாப் போதுமா?" என்று கேட்டேன்.

"உள்ளதைச் சொன்னாப் போதும் தங்கச்சி. காலையில கூலி ஆளுங்கிற அடையாளத்துக்கு அவருக்கும் எங்களுக்கும் ஒரே மாதிரித் தகர வில்லையைத்தான் கம்பெனி கேட்டுல குடுக்கிறான். நாங்களும் அதைத்தான் சொல்லப் போறோம்."

விசாரணை நாளில் நானும் கூடப் போனேன். சீன அதிகாரி ஒருவர், நல்ல மனிதர், அவசரப்படாமல் கேட்டார். தமிழுக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர் இருந்தார். அவரைப் பார்த்ததும் எங்கள் வீட்டுக்காரருக்கு முகம் மாறிவிட்டது. எங்கள் சம்பந்திக்குத் தூரத்து உறவாம். பாக்கியலட்சுமி கல்யாணத்தில் முதல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவராம்.

நெய்னா முகம்மது சொன்னபடியே சொன்னார். தகர வில்லையை எடுத்துக் காட்டினார். தூரிகையும் சாயமும் கம்பெனியுடையது, அடிக்கிற நேரத்தைச் சொல்வது வெள்ளைக்கார மேஸ்திரி என்றார். தனசேகரன் பைலைத் திறந்து ஒரு பேர் அட்டையையும், அதன் பக்கத்தில் மஞ்சள் தடவிய பாக்கியலட்சுமி கல்யாணப் பத்திரிகையையும் மேசைமேல் வைத்தான். பாவி, நாலு வருடமாக அதைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறான். வேறு யாரும் அதை அவ்வளவு பத்திரமாக வைத்திருக்க மாட்டார்கள்.

அதிகாரி இவரிடம் கேட்டார். "இதை நீங்களே அச்சடித்தீர்களா, கம்பெனி சொல்லி அடித்தீர்களா? ஒரு நாள் உங்களுக்கு வேலைக்கு வர இஷ்டமில்லை என்றால் வராமல் இருக்க முடியுமா?"

என்ன சொல்ல வேண்டும் என்று முந்தின நாள் முழுக்கச் சொல்லிக் கொடுத்திருந்தேன். இவர் மொழிபெயர்ப்பாளரின் முகத்தைப் பார்த்தார்.

"நான்தான் அச்சடிச்சேன். வர்றதும் வராததும் என் இஷ்டம்" என்றார்.

நான் எழுந்துவிட்டேன்.

"ஐயா, இவர் சொல்றது பொய். சொந்த மகள் கல்யாணத்துக்கு ஒரு நாள் லீவு கேட்டு, அரை நாள்தான் கிடைச்சுது. அந்த அரை நாளுக்கும் சம்பளம் வெட்டினது இதோ உக்காந்திருக்காரே, இந்தக் கிராணிதான். தாலி கட்டின கையோட இவர் கப்பலுக்கு ஓடினாரு. இவர் கூலி. இருபது வருஷமா இவர் சட்டையில சாயத்தைத் தேய்க்கிறவ நான், எனக்குத் தெரியும்" என்றேன்.

மொழிபெயர்ப்பாளர் ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னார். அதிகாரி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, இவர் பக்கம் திரும்பி, உங்கள் மனைவி சொல்வது உண்மையா என்று கேட்டார். பேனாவைக் கீழே வைத்தார். நெய்னா முகம்மது, "அண்ணே, சொல்லுங்கண்ணே" என்றார், ஒன்பது வருடத்துக்குப் பிறகு.

"அவளுக்கு வெளி விவகாரம் தெரியாது சார்" என்றார் என் புருஷன்.

அதற்குமேல் அந்த அதிகாரிதான் என்ன செய்வார். உங்கள் வாயாலேயே சொல்லிவிட்டீர்கள், இனி நாலு பேர் பணத்தையும் நீங்கள்தான் கட்ட வேண்டும் என்றார். தனசேகரன் பைலைக் கட்டிக்கொண்டு எழுந்தான். போகிற போக்கில் இவரைப் பார்த்து, "வர்றேன் காண்ட்ராக்டர்" என்றான். இவரும் பதிலுக்குத் தலையாட்டினார்.

நான்கு பேருக்கும் ஒன்பது வருடத்துப் பணம். தபால் ஆபீஸில் இருந்தது முழுவதும் போய், என் சங்கிலியும் போய், இன்னும் கொஞ்சம் தவணையாக நிற்கிறது. நெய்னா முகம்மதுக்கு அவர் பணம் கிடைத்தது. அவர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, அது அவர் இருமிச் சம்பாதித்தது. "போனாப் போவுது, மானம் போகல" என்று இவர் வீட்டில் சொன்னபோது, அந்த மானத்தை எடுத்து ஒரு வாளியில் போட்டு வைக்கச் சொன்னேன், மழை வந்தால் கூரை ஒழுகுகிற இடத்தில் வைக்கலாம் என்று. வழக்கில் மாட்டின காண்ட்ராக்டர் கம்பெனிக்கும் வேண்டாமாகிவிட்டார். இப்போது அதே துறைமுகத்தில் வேறு ஒருவனிடம் தினக்கூலிக்குத் துரு தட்டுகிறார்.

வீடு வேண்டாம் என்று எழுதிக் கொடுக்க வீட்டு வசதி ஆபீஸுக்கு நான் மட்டும்தான் போனேன். அங்கே ஒரு சீனப் பெண் பாரத்தை நிரப்பினாள். மலாயில் ஒவ்வொன்றாகக் கேட்டாள். பெயர், விலாசம், பிள்ளைகள். புருஷனுக்கு என்ன வேலை என்றாள்.

"கூலி" என்றேன்.

இந்த ஊரில் எந்த மொழிக்காரருக்கும் புரிகிற சொல் அது. அவள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் எழுதிக்கொண்டாள். மூன்று மாதத்துக்கு முன்னால் விசாரணையில் அவர் அதைச் சொல்லியிருந்தால், அன்றைக்கு அதே மேசையில் நான் கையெழுத்துப் போட்டுச் சாவியை வாங்கியிருப்பேன்.