வீட்டம்மா போட்ட வீடியோ

காலையிலிருந்து யுவராணிக்கு ஓர் இடத்தில் நிற்க முடியவில்லை. ஓவன் வரைக்கும் போவாள், சூட்டைப் பார்ப்பாள், திரும்பி வந்து போனை எடுத்துத் தடவுவாள். மறுபடி ஓவன்.

“இன்னா மேடம், வீடியோ ஓடிக்கினு கீதா?” என்றார் பட்டறையில் பவுடர் அடிக்கும் யூசுப், பவுடர் துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டே. “என் கை மட்டுந்தான் தெரியுது. மூஞ்சியக் காட்டியிருந்தா எனக்கும் நாலு லைக்கு வந்துருக்கும்.”

“வந்துருக்கும்ண்ணே. துப்பாக்கியோட நிக்கிறீங்கன்னு போலீசும் வந்துருக்கும்.”

மண்ணூர்பேட்டையில் அவள் நடத்துவது பவுடர் கோட்டிங் பட்டறை. கம்பெனிகள் அனுப்பும் இரும்புச் சாமான்கள் மேல் வண்ணப் பவுடர் அடித்து, ஓவனில் சுட்டுத் திருப்பி அனுப்பும் வேலை. கணவன் தேவராஜுக்கு ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் உத்தியோகம். அங்கே வேலையில் இருக்கிறவர் தன் பெயரில் தொழில் நடத்தக் கூடாது என்பதால் குவார்ட்டர்ஸ்காரர்கள் பலர் மனைவி பெயரில் ஆரம்பிப்பார்கள். போர்டில் மனைவி, வேலையில் கணவன். யுவராணி கதை அப்படியல்ல. ஆள் சேர்ப்பதிலிருந்து பவுடர் வாங்குவது வரை எல்லாம் அவள்தான். ஆனால் ஆரம்பத்தில் கம்பெனிக்காரர்களோடு போனில் பேசிப் பழகியது தேவராஜ். அந்தப் பழக்கம் அப்படியே நின்றுவிட்டது. பட்டறைக்கு வருகிறவர்கள் அவளிடமே, “சார் இல்லீங்களா?” என்பார்கள்.

அட்டைப்பெட்டி கம்பெனி வைத்திருக்கும் தோழி சபீனாதான் அவளைத் தொழில்காரர்கள் புழங்கும் லிங்க்ட்இன்னில் சேர்த்துவிட்டவள். முதல் மாதம் யுவராணி சூரிய உதயப் படம் போட்டு, விடாமுயற்சி பற்றி எழுதினாள். சபீனா போன் செய்து கிழித்தாள். “அடியே, இதப் பாத்தா எவன்டி ஆர்டர் குடுப்பான்? உனக்குத் தெரிஞ்சதச் சொல்லு. நீதான் மொதலாளின்னு ஊருக்குத் தெரிய வேணாமா?”

அதனால்தான் இந்த வீடியோ. சில சாமான்களில் பவுடர் ஏன் ஒட்டாமல் உதிர்கிறது என்று யுவராணி அதில் விளக்கியிருந்தாள். துப்பாக்கியிலிருந்து வரும் பவுடரில் மின்னேற்றம் இருக்கும். சாமான் தொங்குகிற கொக்கி வழியாக பூமிக்கு இணைப்பு இருக்கும். அதனால் இரும்புத்தூள் காந்தத்திடம் ஓடுவதுபோல் பவுடர் சாமானிடம் ஓடும். கொக்கியில் பழைய பவுடர் தடிப்பாகப் படிந்திருந்தால் இணைப்பு அறுந்துபோகும். பலர் துப்பாக்கியைக் குறை சொல்வார்கள், குற்றவாளி கொக்கி. “என் யூனிட்ல நாங்க இப்படித்தான் சுத்தம் பண்றோம்” என்று முடித்திருந்தாள்.

லிங்க்ட்இன்னில் ஒருவர் கருத்து எழுதினால், அவருக்குத் தெரிந்தவர்கள் கண்ணிலும் அது படும். அவர்களில் ஒருவர் எழுதினால் அவருடைய ஆட்கள். இப்படி வீடியோ ஓசூர், கோவை என்று போய்க்கொண்டிருந்தது. “அருமை மேடம்” என்ற வரிசையில் கடைசியாக ஒருவர் கேட்டிருந்தார்: “நீங்கள் கையில் வைத்திருப்பது புது பேட்டரி ஸ்கூட்டரின் மூடிதானே? இன்னும் சந்தைக்கே வரவில்லையே?”

யுவராணி வீடியோவை மறுபடி ஓட்டிப் பார்த்தாள். கைக்கு எட்டியதை எடுத்துக் காட்டியிருந்தாள். கம்பெனி கொடுத்த சாமானை அன்னியர் கண்ணில் காட்டக் கூடாது என்பது இந்தத் தொழிலின் பாலபாடம். யாராவது உள்ளே வந்தால் அவளே துணி போட்டு மூடுவாள். கேமராவும் ஓர் அன்னியர் என்பது தோன்றவேயில்லை.

அவள் வீடியோவை நீக்கிய கையோடு தேவராஜ் போனில் கூப்பிட்டான்.

“ஸ்கூட்டர் கம்பெனி கோகுல்நாத் சார் என்னைப் புடிச்சு வாங்கிட்டாரு. இன்னா பண்ணி வச்சிருக்க?”

“எடுத்துட்டேங்க.”

“நல்லது. வீட்ல தெரியாம போட்டுட்டாங்க சார்னு சொல்லிட்டேன். சரி, லேடிஸ்தானேன்னு விட்டுட்டாரு. ஆர்டர் தப்பிச்சுது. இனிமே அந்தக் கருமத்தையெல்லாம் தொடாத.”

போனை வைத்தான். பிரச்சினை தீர்ந்துவிட்டது. ஆனால் அவள் மறுபடி ஓவனுக்கும் மேசைக்கும் நடக்க ஆரம்பித்தாள். வீட்ல. தெரியாம. கொக்கியைப் பற்றி அவ்வளவு பேசியவள், ஒரே வாக்கியத்தில் ஒன்றும் தெரியாத வீட்டம்மா ஆகிவிட்டாள். இந்த மன்னிப்பை வாங்கிக்கொண்டால் ஆயுசுக்கும் “சார் இல்லீங்களா”தான்.

அவள் கோகுல்நாத்தைக் கூப்பிட்டாள். அவர்தான் அந்தக் கம்பெனியின் கொள்முதல் மேலாளர்.

“சார், யுவராணி பேசறேன். தெரியாம நடந்ததில்ல. காட்டக் கூடாதுன்னு எனக்கு நல்லாத் தெரியும். கவனிக்காம விட்டது என் தப்பு.”

“அதான் சார் சொல்லிட்டாரே மேடம்…”

“அவரு ஆவடியில வேலை பாக்கறாரு. யூனிட் என்னுது.”

“யோசிச்சுப் பேசறீங்களா? வீட்டம்மா செஞ்சதுன்னா நான் கண்டுக்காம விடலாம். ஓனரே செஞ்சதுன்னா மேல சொல்லியாகணும். அந்த மூடி உங்க கையைவிட்டுப் போயிடும்.”

“சொல்லிடுங்க சார்.”

போனை வைத்ததும் லிங்க்ட்இன்னைத் திறந்து, வாடிக்கையாளரின் சாமான் தெரிந்ததால் வீடியோவை நீக்கிவிட்டதாகவும் தவறு தன்னுடையது என்றும் எழுதி, கீழே ‘யுவராணி, உரிமையாளர்’ என்று போட்டாள்.

சபீனா உடனே வந்தாள் போனில். “லூசாடி நீ? கடையத் தொறந்து வச்சுக்கினு, நான் சொதப்பிட்டேன்னு நீயே போர்டு மாட்டுவியா?”

“மொதலாளின்னு தெரியணும்னு நீதானே சொன்ன?”

“இப்டியாடி தெரியணும்!”

மூடி போயே விட்டது, வேறு பட்டறைக்கு. தேவராஜ் மூன்று வேளையும் முறைத்துக்கொண்டே சாப்பிட்டான். “நான் சரி பண்ணினத நீ போய்க் கலைச்சியே” என்றான். அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மாதத்தில் பாதி நாள் ஓவன் ஆறிக் கிடக்கப் போகிறது. புது வேலைக்கு யாரைப் பிடிப்பது என்ற யோசனையில் அவளுக்குத் தூக்கம் கலைந்து கலைந்து வந்தது.

அடுத்த வாரம் கோகுல்நாத்திடமிருந்து போன். அவளுடைய எண்ணுக்கு. அவர் அவளைக் கூப்பிடுவது அதுதான் முதல் தடவை.

“மேடம், நீங்க வழக்கமா அடிச்சுத் தர்ற பிராக்கெட்ல கறுப்பு ஷேடு மாறியிருக்கு. அசெம்பிளி லைன்ல கத்தறாங்க. என்ன பண்ணிட்டு இருக்கீங்க நீங்க?”

யூசுப் துப்பாக்கியை நிறுத்திவிட்டு அவள் முகத்தையே பார்த்தார். யுவராணி எழுந்து, போனைக் காதில் வைத்தபடி பவுடர் பெட்டிகள் பக்கம் வேகமாக நடந்தாள்.

“திட்டுங்க சார், கேட்டுக்கினே பாக்கறேன். எந்த லாட்டுன்னு மட்டும் சொல்லுங்க.”