எர்லிந்தா வீட்டுச் சீலிங்

தடால் என்று ஒரு சத்தம். வீடே ஒருமுறை குலுங்கி நின்றது.

படுக்கையறையில் துணி மடித்துக்கொண்டிருந்த எர்லிந்தா, கையிலிருந்த சட்டையோடு சமையலறைக்கு ஓடினாள். ஒரே வெள்ளைப் புழுதி. அடுப்பும் தெரியவில்லை, மேசையும் தெரியவில்லை. உள்ளேயிருந்து இருமல் மட்டும் கேட்டது.

"நிகனோர்! உயிரோட இருக்கியா?"

"நான் இருக்கேன். பீன்ஸ்தான் போச்சு."

புழுதி மெல்ல அடங்கியது. மேசைக்கு நேர் மேலே சீலிங்கின் பூச்சு பாளமாகப் பெயர்ந்து விழுந்திருந்தது. உள்ளே இருந்த பழைய மரப்பட்டிகள் விலா எலும்பு மாதிரி துருத்திக்கொண்டு தெரிந்தன. பீன்ஸ் பானை நிறையச் சுண்ணாம்பு. நிகனோரின் மீசையும் புருவமும் வெளுத்து, ஒரே நிமிடத்தில் இருபது வயது கூடியவன் போல நின்றான்.

எர்லிந்தா சிலுவை போட்டுக்கொண்டாள். அண்ணாந்து ஓட்டையைப் பார்த்தாள். அப்புறம் கைதட்டிச் சிரித்தாள்.

"தொடாதே! எதையும் தொடாதே! அப்படியே கெடக்கட்டும்!"

"சீலிங் இடிஞ்சு விழுந்திருக்கு, உனக்குக் கொண்டாட்டமா கிழவி?"

"உன் தலையில விழலியே. வியாழக்கிழமை அந்த ஆளு வர்றான்ல? வரட்டும். நல்லா அண்ணாந்து பாக்கட்டும்."

அந்த ஆள் என்றால் சொத்து மதிப்பீட்டு அலுவலகத்து ஆள். சிகாகோவில் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வீடுகளுக்கு மறுமதிப்பு போடுவார்கள். இந்த முறை போட்டதில் பில்சன் பேட்டையே ஆடிப்போயிருந்தது. எர்லிந்தா வீட்டு மதிப்பு ஏறக்குறைய மூன்று மடங்கு ஏறியிருந்தது. வரியும் கூடவே ஏறியது. வீட்டில் ஒரு செங்கல்கூட மாறவில்லை. மாறியது தெரு. பக்கத்து வீட்டை யாரோ வாங்கி, முன்சுவரை இடித்துக் கண்ணாடி வைத்து, கறுப்புச் சாயம் அடித்திருந்தார்கள். முனையில் இருந்த ரொட்டிக்கடை போய், நாய்க்குத் தனியாக பிஸ்கட் கொடுக்கிற காபிக்கடை வந்திருந்தது. அவர்கள் கொடுத்த விலையை வைத்து இவர்கள் வீட்டுக்கும் மதிப்பு போட்டாயிற்று.

நிகனோரின் பென்ஷனோடு, தோர்தியா ரொட்டி ஆலையில் எர்லிந்தா வாங்கும் சம்பளத்தில் பாதியையும் சேர்த்து வைத்தால்தான் அந்த வரியைக் கட்ட முடியும். கட்டாமல் விட்டவர்களின் வீடு ஏலத்துக்குப் போனதை அதே தெருவில் இரண்டு முறை பார்த்திருக்கிறாள். அதனால்தான் மேல்முறையீடு செய்தாள். நேரில் ஆள் வந்து பார்த்துவிட்டு முடிவு சொல்வதாக அலுவலகம் பதில் போட்டது.

சத்தம் கேட்டு எதிர்வீட்டு கூக்கா ஓடிவந்தாள். போன தடவை மேல்முறையீடு செய்து கொஞ்சம் குறைத்து வாங்கியவள் என்பதால் தெருவுக்கே அவள்தான் வக்கீல்.

"அடேங்கப்பா! எனக்கு இப்படி ஒண்ணு விழுந்திருந்தா இன்னும் பாதி கொறைச்சிருப்பேன்டி," என்றாள் பொறாமையோடு. "கேட்டுக்கோ. கூட்டாதே. தரையத் தொடைக்காதே. குளியலறைக் குழாய் ஒழுகுதில்ல? நல்லா ஒழுக விடு. வர்றவனுக்குக் காபி குடுக்காதே."

"வீட்டுக்கு வந்தவனுக்குக் காபிகூடக் குடுக்காமலா அக்கா?"

"குடுத்தேன்னா சொகமா இருக்கேன்னு அர்த்தம். அழு. அழ வரலேன்னா வெங்காயம் நறுக்கு."

நிகனோர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் பூச்சு வேலைக்காரன். தேவாலயம், வங்கி, நாடகக் கொட்டகை என்று ஊரெல்லாம் சீலிங் பூசியவன். வருஷக்கணக்காகத் தலைக்கு மேலே கையைத் தூக்கியே வலது தோள்பட்டை போய்விட்டது. சீப்பை உச்சந்தலைவரை கொண்டுபோக முடியாமல் அறுபது வயதுக்கு முன்பே வேலையை விட்டவன்.

"என்ன, உன் புருஷன் ஓட்டையக் கண்ணாலேயே அடைச்சிடுவான் போல இருக்கே," என்று கூக்கா சீண்டினாள்.

"மதிப்பக் கொறைச்சா மூணு வருஷம்," என்றான் நிகனோர். "அப்புறம் மறுபடி வருவாங்க. அப்ப எந்த சீலிங்க விழ வைக்கறது?"

"மூணு வருஷம் கெடைக்குதா, அது போதும்," என்றாள் எர்லிந்தா. "அப்ப வேற ஒண்ணு விழும்."

செவ்வாய் முழுக்க இருவரும் சுண்ணாம்புக் கட்டிகளைத் தாண்டித் தாண்டி நடந்தார்கள். படுக்கையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். எர்லிந்தாவுக்குக் கை அரித்தது. தினம் இரண்டு வேளை தரை துடைக்கிற கை. துடைப்பத்தைக் குளியலறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தினாள்.

புதன்கிழமை வேலை முடிந்து வந்து கதவைத் திறந்ததுமே ஈரச் சுண்ணாம்பின் வாசனை அடித்தது.

சமையலறைத் தரை கண்ணாடி மாதிரி பளபளத்தது. மேசை துடைத்திருந்தது. கழுவும் தொட்டியில் விருந்தாளிகளுக்கென்று வைத்திருந்த நீலக் கோப்பைகள் இரண்டு கிடந்தன. கூக்கா வந்து காபி குடித்துவிட்டுப் போயிருப்பாள் என்று நினைத்தபடியே அண்ணாந்து பார்த்தாள்.

ஓட்டை இல்லை. எந்த இடத்தில் விழுந்தது என்றுகூடத் தெரியவில்லை. மேடு பள்ளம் இல்லாமல், ஒட்டுத் தெரியாமல், பால் ஊற்றி உறையவைத்தது போல் ஒரே வெள்ளை.

நிகனோர் மூலையில் உட்கார்ந்திருந்தான். வலது கையை மடியில் போட்டு, இடது கையால் பிடித்துக்கொண்டிருந்தான். முகம் வலியில் சுருங்கியிருந்தது.

"பாவி! என்ன காரியம் பண்ணி வச்சிருக்க?"

"ஓட்டையாக் கெடந்துச்சு."

"கெடக்கட்டும்னுதானே சொன்னேன்! நாளைக்கு அவன் வந்து எதைப் பாப்பான்? உன் கைவேலையவா? மூணு நாள் பொறுக்க முடியலியா உனக்கு?"

எர்லிந்தா குளியலறைக்குப் போய்த் துடைப்பத்தை எடுத்துவந்தாள். நாற்காலி மேல் ஏறிக் கட்டையால் சீலிங்கைக் குத்தினாள். டொக் என்றது. மறுபடி பலமாகக் குத்தினாள். ஒரு பொடிகூட உதிரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஏழெட்டுக் குத்து குத்தினாள். ஒரு கீறல் விழுந்ததோடு சரி.

"விழாது கிழவி," என்றான் நிகனோர் தாழ்ந்த குரலில். "எறங்கு. விழுந்து எலும்ப ஒடைச்சுக்காதே."

நாற்காலி மேலேயே நின்று அவள் அழுதாள். அதற்கு வெங்காயம் தேவைப்படவில்லை.

வியாழக்கிழமை காலையில் வந்தவன் பெயர் ப்ரொகாப். முப்பது வயது இருக்கும். வாசல் மிதியடியில் காலணியை நன்றாகத் தேய்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தான். அந்த மரியாதை எர்லிந்தாவுக்குப் பிடிக்கவில்லை. அவன் முரடனாக இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

ஒழுகுகிற குழாயைக் காட்டினாள். வாஷரை மாற்றினால் போதும் என்றான். நிலவறையில் ஈரம் ஏறிய சுவரைக் காட்டினாள். இந்தப் பேட்டையில் எல்லா வீட்டிலும் இப்படித்தான் என்றான். கடைசியாகச் சமையலறை. எர்லிந்தா போனை நீட்டினாள். திங்கட்கிழமை எடுத்த படம்: புழுதி, பட்டிகள், பீன்ஸ் பானை.

"இதோ பாருங்க சார், இங்கதான். மொத்தமா இடிஞ்சு விழுந்துடுச்சு."

ப்ரொகாப் படத்தைப் பார்த்தான், சீலிங்கைப் பார்த்தான். மறுபடி படத்தைப் பார்த்தான்.

"இந்த எடமா? நம்பவே முடியலியே. யார் பூசினது?"

"நான்தான் தம்பி," என்றான் நிகனோர்.

"தனியாவா?" அவன் நாற்காலியில் ஏறி விரலால் தடவிப் பார்த்தான். "மூணு பூச்சு! இப்பல்லாம் இப்படி வேலை செய்ய ஆளே கெடையாது சார். இந்தக் கீறல் மட்டும் என்ன?"

"அது என்னோட வேலை," என்றாள் எர்லிந்தா.

அவனுக்குப் புரியவில்லை. இறங்கி வந்து கையிலிருந்த பலகைக் கணினியில் எதையோ தட்டினான்.

"சார், அந்தப் படத்தக் கணக்குல எடுத்துக்க மாட்டீங்களா? விழுந்தது நெஜம் சார். சாமி சத்தியமா."

"நான் நம்பறேன் மேடம். ஆனா இன்னிக்கு இருக்கறதத்தான் நான் எழுத முடியும்." அவன் குரலில் நிஜமாகவே வருத்தம் இருந்தது. "நல்ல நிலைமையில இருக்குன்னுதான் எழுதியாகணும். மதிப்பு கொறையும்னு எனக்குத் தோணல. மன்னிச்சுக்கங்க."

ஜன்னல் வழியே எதிர்வீட்டு வாசலில் கூக்கா தெரிந்தாள். என்னாச்சு என்று கையால் கேட்டாள். எர்லிந்தா திரையை இழுத்துவிட்டாள்.

"ஒரு காபி குடிச்சிட்டுப் போங்க சார்," என்றாள். இனி என்ன இருக்கிறது.

அவன் நன்றி சொல்லி மறுத்துவிட்டுக் கிளம்பினான். வாசல்கதவு சாத்திய சத்தம் அடங்கும்வரை அவள் அசையவில்லை. அப்புறம் மேசையில் போய் உட்கார்ந்தாள். கத்தத் தெம்பில்லை.

"வீடு போச்சு நிகனோர். போட்ட வரி போட்டதுதான். நம்மளால கட்ட முடியாது. எனக்கு ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லு. அவ்வளவு மானமா உனக்கு? முன்னப்பின்ன தெரியாத ஒரு ஆபீஸ்காரன் உன் சீலிங்கப் பாத்து என்ன நெனைப்பானோன்னு, ஒரே ஒரு ஓட்டைய விட்டு வைக்க மனசு வரலியா?"

நிகனோர் தொட்டிக்குப் போனான். நேற்றிலிருந்து அங்கேயே கிடந்த நீலக் கோப்பைகளை ஒவ்வொன்றாக இடது கையால் கழுவினான். அவளைத் திரும்பிப் பார்க்காமலே பேசினான்.

"அவனுக்காகப் பூசல கிழவி. நேத்து வந்து வீட்டுக்கு வெலை பேசினவன் சனிக்கிழமை பொண்டாட்டியக் கூட்டிட்டு வர்றான். ஓட்டையோடயா காட்டச் சொல்ற?"