ததேயுவின் ரத்தம்

ஒக்கூருக்குப் பக்கத்தில் இருக்கும் சகாயம்மாள் வீட்டுக்கு டாக்டர் ரோகிணியை, அவரிடம் களப்பணி செய்யும் நான்தான் அழைத்துப் போனேன். 1998, அக்டோபர் கடைசி. கல்லறைத் திருநாள் நெருங்கியதால் வாசலில் ஒரு சிமெண்ட் மூட்டை இறக்கியிருந்தது. மகன் ததேயுவின் கல்லறையை இந்த வருஷம்தான் பூசப் போகிறார்கள்.

விஷயம் இதுதான். ஆண்பிள்ளைகளுக்குத் தசை கரைந்துபோகும் ஒரு நோயைப் பற்றி மதுரையிலிருந்து எங்கள் டாக்டரும், வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றும் சேர்ந்து ஆராய்ச்சி செய்தார்கள். ததேயுவுக்கும் அந்த நோய். அவனுடைய ரத்தத்தை எடுத்து அங்கே அனுப்பினார்கள். அப்பா மரியப்பன் கையெழுத்துப் போட்டார். சகாயம்மாளை யாரும் கேட்கவில்லை. பிறகு பிள்ளை இறந்துபோனான். ரத்தம் அங்கே உறைபெட்டியிலேயே இருந்தது. இப்போது விதிகள் இறுகிவிட்டன. தாய் தகப்பன் இருவரிடமும் விளக்கிச் சொல்லிப் புதிதாகச் சம்மதம் வாங்க வேண்டும்.

டாக்டர் நிதானமாகச் சொல்லி முடித்தார்.

“அப்ப எம்பிள்ளை ரத்தம் இன்னும் இருக்கா?” என்று சகாயம்மாள் எழுந்தே விட்டாள்.

“இருக்கும்மா. பத்திரமா இருக்கு.”

“அப்பக் குடுத்துருங்க. பூசுறதுக்கு முந்தி அவன்கூட வச்சிருவோம்.”

டாக்டருக்குப் புரியவில்லை. மரியப்பன் வலது கையைத் தூக்கிக் காட்டினார். சுண்டுவிரல் இல்லை, ரைஸ்மில் பெல்ட்டில் போனது. அவர்கள் வீட்டில் உடம்பிலிருந்து எது பிரிந்தாலும் குடும்பக் கல்லறையில் புதைத்துவிடுவார்கள். உயிர்த்தெழும் நாளில் தேடி அலையக் கூடாது என்று ஒரு நினைப்பு.

“என் விரலு எனக்கு முந்தியே போயி துண்டு போட்டு இடம் பிடிச்சிருச்சு டாக்டரம்மா.”

“அது ஒண்ணுதான் இவுக உடம்புல சொன்ன எடத்துல கெடக்கு” என்றாள் சகாயம்மாள்.

இருவரும் சிரித்தார்கள். டாக்டர் சிரிக்கவில்லை.

“திருப்பிக் குடுக்க வழியில்லம்மா. இன்னொரு குடும்பத்துக்காகக் கேட்டுப் பாத்தேன். நோய்த்தொத்து பயம்னு ரெண்டு அரசாங்கமும் விடல. நீங்க சம்மதிச்சா வச்சிருப்பாங்க. இல்லன்னா அழிக்கணும்.”

“அழிக்கிறதுன்னா?”

ஏதாவது சொல்லி மழுப்பியிருக்கலாம். டாக்டர் அப்படிப்பட்டவர் அல்ல.

“எரிச்சிருவாங்க.”

சகாயம்மாள் உட்கார்ந்துவிட்டாள். மரியப்பன் கையை மடக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

“அங்க குளிருமா?” என்று சகாயம்மாள் கேட்டாள்.

“அந்தப் பெட்டிக்குள்ள ரொம்பக் குளிரும்மா.”

“மார்கழியில எம்மேல காலைப் போட்டாத்தான் தூங்குவான்.” பிறகு என்னைப் பார்த்தாள். “ராணி, எங்குட்டு கைநாட்டு வைக்கணும்னு காட்டு.”

டாக்டர் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “வேணாம்மா. பயந்துக்கிட்டு வைக்கக் கூடாது. மனசாரச் சம்மதிச்சாத்தான் செல்லும்.”

“வைக்கலன்னா எரிப்பீகள்ல?”

டாக்டர் தாளின்மேல் கையை வைத்துக்கொண்டார்.

“அப்ப மனசாரத்தான் வைக்கிறேன். குடுங்க.”

நான்தான் மைப்பெட்டியைத் திறந்து பிடித்தேன். அவள் விரலை அழுத்தி வைத்தாள். கீழே மரியப்பனும் கையெழுத்துப் போட்டார். ஜீப்பில் திரும்பும்போது டாக்டர் அந்தத் தாளைப் பைக்குள் வைக்கவே இல்லை. செக்காலையில் என் வீடு வரும்வரை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். சட்டப்படி அதில் ஒரு குறையும் இல்லை.

திருநாளன்று மெழுகுவர்த்தி வாங்கிக்கொண்டு நானும் போனேன். கல்லறை வழவழவென்று பூசியிருந்தது. தலைமாட்டில் மட்டும் ஒரு கையகலம் பூசாமல் மண் தெரிந்தது.

“கொத்தனாரு மறந்துட்டாரா?” என்று மரியப்பனிடம் மெதுவாகக் கேட்டேன்.

“அவ விடலம்மா” என்றார். “என்னைக்காச்சும் வந்தா வைக்கணும்லங்கிறா.”

சகாயம்மாள் அந்த மண்ணில் முளைத்திருந்த புல்லை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.