விதோயே வீட்டுக் காற்று

பக்கத்து வீட்டு விதோயேவின் வீட்டைச் சூடாக்கும் பெல்லட் அடுப்பு புனித நிக்கோலா நாளன்று காலையில் அணைந்தது. அது அவன் குலத்துப் புனிதரின் நாள். மதியம் பாதிரியார் வருவார், சொந்தபந்தம் வரும். ஸ்லாட்டிபோர் மலை முழுக்க முழங்கால் பனி. வீடு சூடாகாவிட்டால் விருந்தை மச்சான் க்வோஸ்டென் வீட்டுக்கு மாற்ற வேண்டும். குலப் புனிதரை அடுத்தவர் வீட்டில் வைத்துக் கும்பிடுவதைவிட மதம் மாறிவிடலாம் என்பது விதோயேவின் கருத்து.

க்வோஸ்டென் விறகடுப்புக் கட்சி. செய்தி கேட்டு முதல் ஆளாக வந்தார். கதவைத் திறந்ததும் அவருடைய தொப்பி அவருக்கு முன்னால் உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தது. அந்த வீட்டில் காற்றுக்கு அவ்வளவு பஞ்சம்.

"என்ன மாப்ளே, மரத்தூள் குச்சிய மூட்டையில வாங்கி, கரண்ட் குடுத்து எரிக்கிறியே, இன்னிக்கு அடுப்புக்கு லீவா?"

"வாய மூடு மச்சான். புகை உள்ள போயிரும்."

நானும் விதோயேவும் வேலையில் இறங்கினோம். எரிகிண்ணத்தில் இறுகிக் கிடந்த சாம்பலைச் சுரண்டினோம். புகைக்குழாயின் அடிமூடியைக் கழற்றிக் கரியைத் தட்டினோம். அடுப்புக் கதவிடுக்கில் காகிதம் வைத்து மூடி இழுத்தோம். காகிதம் கிழிந்ததே தவிர வரவில்லை. கதவில் குற்றமில்லை. மூட்டினோம். சோம்பேறித்தனமாக ஒரு மஞ்சள் சுவாலை எழுந்தது. கண்ணாடி கறுத்தது. புகை வெளியே போக மனமில்லாமல் எங்களோடு உட்கார்ந்தது.

அந்த நேரம் பார்த்து, மீன் பொரித்துக்கொண்டிருந்த விதோயேவின் மனைவி ஸ்டாமென்கா சமையலறைப் புகையை உறிஞ்சும் விசிறியைப் போட்டாள். அவ்வளவுதான், போன வருஷத்துப் புகைகூடக் குழாய் வழியே திரும்பி வந்தது. அதில் போன வருஷத்து மீன் வாசனை இருந்தது. பூனை சாவித்துவாரத்தில் மூக்கை வைத்து மூச்சுவிட்டது. அது முடித்ததும் நாங்கள் முறை வைத்துக்கொண்டோம்.

"ஸ்டாமென்கா, உன் அடுப்புல ப்ரொமாயா இல்லம்மா" என்றேன்.

எங்கள் பேச்சில் புகைக்குழாயின் இழுப்புக்கும் ப்ரொமாயா என்றுதான் பெயர். ஜன்னல் வழி வந்து மனுஷனின் கிட்னியில் அடிக்கிற காற்றுக்கும் அதே பெயர்தான். இரண்டாவதால் செத்தவர்கள், எங்கள் பெண்களைக் கேட்டால், போரில் செத்தவர்களைவிட அதிகம்.

"எப்படிண்ணே இருக்கும்? வாழ வந்த நாள்லேர்ந்து ப்ரொமாயாவ நான் வாசப்படி மிதிக்க விட்டதில்லயே!"

எனக்குப் பொறி தட்டியது. "அடுப்பு வச்சப்ப, வெளிக்காத்து வர சுவத்துல ஓட்டை போட்டாங்களே?"

"போட்டாங்க, கூறுகெட்டவங்க. அடச்சிட்டேன்."

"எதால?"

அவள் மீனைத் திருப்பிப் போட்டாள்.

விதோயே வெளியே போய் ஓட்டைக்குள் கைவிட்டான். ஒரு கம்பளிப் பனியன் வந்தது. ஒரு தலையணை உறை வந்தது. கடைசியில் ஒரு சிவப்புக் காலுறை.

"அடிப்பாவி! இது கிடைக்காமத்தானே உன் தங்கச்சி கல்யாணத்துக்கு ஒத்தக் காலுறையோட வந்தேன்!"

வீடு ஒரு மூச்சு இழுத்தது. திரைச்சீலை எழுந்து நின்றது. க்வோஸ்டெனின் மீசை இரண்டு பக்கமும் ஒரே திசைக்குத் திரும்பியது. அடுப்பு வெள்ளையாய்ப் பற்றி எரிந்தது.

"ஐயோ, என் கிட்னி!" ஸ்டாமென்கா ஓடி வந்து ஒரு தலையணையை ஓட்டையில் அமுக்கிப் பிடித்தாள். அடுப்பு அணைந்தது. "ஒண்ணு நானு, இல்ல அது."

க்வோஸ்டென் தொப்பியை மாட்டினார். "கிளம்புங்க. மீன நான் தூக்கிக்கிறேன்."

விதோயேவின் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. "இரும்மா" என்றேன். "ஓட்டையிலேர்ந்து ஒரு குழாய அடுப்பு முதுகுலயே சொருகிடுவோம். காத்து குழாய்க்குள்ளயே போயிரும். உன்னத் தொடாது."

அவள் யோசித்தாள். "அப்ப அம்புட்டு ப்ரொமாயாவும் அது முதுகுலயா அடிக்கும்?"

"ஆமா."

"பாவம்" என்றாள். தலையணையை எடுத்தாள்.

கொட்டகையில் மிச்சக் குழாய் கிடந்தது, மாட்டினோம். பாதிரியார் வந்தபோது மெழுகுவர்த்தி அசையாமல் எரிந்தது. க்வோஸ்டென் கோட்டைக் கழற்றினார், பிறகு ஸ்வெட்டரை. மீனைக் கொண்டு போகாமலேயே சாப்பிட்டார்.

அடுப்புக்குப் பின்னால் குளிர்ந்த குழாயைச் சுற்றி ஒரு கம்பளி இடுப்புப் பட்டை கட்டியிருந்தது. பாதிரியார் அதையே பார்த்தார்.

"இது எதுக்கும்மா?"

"கிட்னிக்கு, சாமி."

பாதிரியார் தலையசைத்தார். தன் நாற்காலியைச் சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார்.