நாத்தனார் பெயரில் நாலு மில்லிமீட்டர்

காலை பத்தரைக்கு வந்த பெட்டியில் பதினேழு சின்ன பாட்டில்கள் இருந்தன. பதினாறைப் பதிந்து முடித்துப் பதினேழாவதன் லேபிளைப் படித்தபோது பிளேடக்காவின் மூச்சு ஒரு நொடி எங்கேயோ போய்விட்டுத் திரும்பி வந்தது. பாட்டிலின் மேல் இருந்தது அவளுடைய நாத்தனாரின் பெயர். உள்ளே மிதந்ததோ பிளேடக்காவின் சொந்தத் தோல்.

நடந்ததை முதலில் சொல்லிவிடுவது நல்லது. பிளேடக்கா ஒரு பரிசோதனைக் கூடத்தில் பத்தொன்பது வருடமாக வேலை பார்க்கிறாள். ஆஸ்பத்திரிகளில் வெட்டி எடுத்த சதைத் துணுக்குகள் அங்கே வந்து சேரும், மெழுகில் பதிந்து கட்டியாகும். அந்தக் கட்டியை எந்திரத்தில் பொருத்தி, வெங்காயச் சருகே வெட்கப்படும் அளவுக்கு மெல்லிசாகச் சீவிக் கண்ணாடித் தகட்டில் ஏற்றுவது அவள் வேலை. அந்த எந்திரத்தின் பிளேடு வேறு யார் கைக்கும் ஒழுங்காக வேலை செய்யாது என்பதால் வந்த பட்டப்பெயர். பேச்சில் அவள் போடுகிற பிளேடால் வந்தது என்பவர்களும் உண்டு.

அவளுக்கு ஒன்பது வருடமாக ஓர் அரிப்பு. எங்கே என்று கேட்டால் "அங்கே" என்பாள். ஈரல், கர்ப்பப்பை, மூலம் என்று எதையும் கூச்சமில்லாமல் கூவிப் பதிவு செய்கிறவளுக்குத் தன் உடம்பில் மட்டும் ஒரு பாகம் பெயரில்லாமல் போய்விட்டது. மருந்துக்கடைக்காரர் 'அங்கே'க்குப் பூஞ்சைக் களிம்பு கொடுத்தார். ஒரு டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே "சர்க்கரை பாத்தாச்சா?" என்றார். பார்த்தாச்சு, இல்லை. உறவுக்காரி ஒருத்தி "மனசுல எதையும் வெச்சுக்காத, தானா போயிடும்" என்றாள். மூக்குக்கண்ணாடிக்கடை வைத்திருக்கும் புருஷன் நல்ல மனிதர். அவர் தம்மால் முடிந்ததைச் செய்தார், சோப்பை மாற்றினார். ஒன்பது வருடத்தில் பதினோரு சோப்பு.

தோல் வெளுத்து, கசங்கிய பட்டர் பேப்பர் போலச் சுருங்கி, உட்கார்ந்தால் விரிசல் விட்டது. முக்காலியில் அவள் நெளிவதைப் பார்த்து "என்னக்கா, முள்ளு மேல உக்காந்திருக்கீங்களா?" என்று கேலி செய்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள். முள்ளுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

கடைசியில் இரண்டு பஸ் மாறி, ஊரின் அந்தக் கோடியில் இருந்த ஒரு தோல் மருத்துவரிடம் போனாள். அந்தம்மா விளக்கைக் கிட்டே இழுத்து, அவசரப்படாமல் பார்த்தார்.

"இது பூஞ்சை இல்லம்மா. நீங்க சுத்தமா இல்லைன்னு யாராவது சொல்லியிருந்தா அதுவும் தப்பு. எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு. துளியூண்டு எடுத்துப் பாத்துடுவோம்."

அந்த ஒரு வார்த்தைக்கே பிளேடக்கா அழுதுவிட்டாள். நாலு மில்லிமீட்டர் எடுக்கும்போது அழவில்லை.

கூடத்துக்காரர்கள் கண்ணில் படக்கூடாது என்றுதான் அவ்வளவு தூரம் போனது. அதனால் படிவத்தில் பொய்ப்பெயர் சொன்னாள். எரிச்சல் என்றதும் முதலில் ஞாபகம் வந்தது நாத்தனார் பெயர்தான். வயது நாற்பத்தொன்று. பெயரே பொய், வயதுக்கு மட்டும் என்ன வந்தது என்று முப்பத்தேழு போட்டுக்கொண்டாள். போன் நம்பரை மட்டும் பழக்கதோஷத்தில் சரியாகச் சொல்லிவிட்டாள். அந்தக் கிளினிக் தன் துணுக்குகளை எந்தக் கூடத்துக்கு அனுப்புகிறது என்று மட்டும் கேட்கத் தோன்றவில்லை.

பாட்டில் வந்த மறுநாள் மெழுகுக் கட்டி அவள் மேஜைக்கு வந்தது. கட்டி வார்ப்பவர் மெழுகு சார், முப்பது வருட அனுபவம். தோல் துணுக்கை மெழுகுக்குள் சுவர் மாதிரி நிமிர்த்தி வைக்க வேண்டும். அப்போதுதான் கட்டடத்தைப் பக்கவாட்டில் பார்ப்பதுபோல மேல்தோல், அதைக் கீழிருந்து தாங்கும் இணைப்புத் திசு என்று மாடி மாடியாகத் தெரியும். படுக்க வைத்தால் மொட்டைமாடி மட்டும்தான். தோல் மருத்துவரின் சந்தேகமோ கீழ்வீட்டில் இருந்தது.

பிளேடக்கா சக்கரத்தை இரண்டு சுற்று சுற்றினாள். வெந்நீரில் மிதந்த சீவலைப் பார்த்தாள். வட்டம்.

சக்கரத்தைப் பிடித்து நிறுத்தினாள். படுக்க வைத்திருக்கிறார். இன்னும் பத்து சுற்று சுற்றினால் 'போதிய திசு இல்லை' என்று ரிப்போர்ட் வரும். மறுபடி இரண்டு பஸ், மறுபடி ஊசி, மறுபடி கத்தி. தான் மறுபடி போகமாட்டோம் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். பன்னிரண்டாவது சோப்புதான்.

"சார், பதினேழைப் படுக்க வெச்சிருக்கீங்க."

"நானா? முப்பது வருஷத்துல ஒரு துணுக்கைப் படுக்க வெச்சதில்ல. மத்தியானத்துல நான் படுத்திருக்கேன், ஒத்துக்கறேன்."

"வட்டமா வருது சார்."

"அப்ப உன் பிளேடு வட்டமா இருக்கும்."

"விளையாடாதீங்க சார். நீல மைப்புள்ளி பாத்துத்தானே நிமித்தி வைப்பீங்க? புள்ளி எங்க, காட்டுங்க."

மெழுகு சார் கட்டியை மூக்கருகே கொண்டுபோனார், கையை நீட்டித் தள்ளிப் பார்த்தார், ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு மிகுந்த தன்னம்பிக்கையோடு ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினார். அங்கே வெறும் மெழுகு.

மெழுகு சார் விரலை மெல்ல எடுத்துக்கொண்டார்.

"உருக்கி மறுபடி வெச்சிடலாம்" என்றார், குரலைத் தணித்து. "ஒரு நாள் லேட்டாகும். போன் பண்ணிச் சொல்லணுமே."

அது கூடத்தை நடத்தும் டாக்டரம்மாவின் சட்டம். யாரால் தாமதமோ அவரே நோயாளிக்கு போன் செய்து மன்னிப்புக் கேட்க வேண்டும். பிளேடக்கா சட்டென்று முந்திக்கொண்டாள். "நான் பண்ணிக்கறேன் சார், குடுங்க" என்று படிவத்துக்குக் கை நீட்டினாள்.

"என் தப்புக்கு நீ எதுக்கு?" அவர் படிவத்தை ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டு நம்பரை அழுத்தினார். யாரோ குழாய் ரிப்பேர்க்காரர் எடுத்தார். அவரிடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டு மறுபடி அழுத்தினார்.

பிளேடக்காவின் கோட்டுப் பையில் போன் அடித்தது.

மெழுகு சார் ரிசீவரைக் காதில் வைத்தபடி பையைப் பார்த்தார். படிவத்தைப் பார்த்தார். முக்காலியைப் பார்த்தார். அவள் அசையவில்லை. போன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.

"ஹலோ, அம்மா வணக்கம்" என்றார் அவர், யாரும் எடுக்காத போனில். "பரிசோதனைக் கூடத்துலேருந்து பேசறேன். உங்க ரிப்போர்ட் ஒரு நாள் தள்ளிப் போகுது. தப்பு முழுக்க என்னோடதும்மா. உங்க துணுக்கு பத்திரமா இருக்கு, கவலையே வேண்டாம். ஆமா… ஆமா… ரொம்ப சந்தோஷம். வெச்சுடறேன்."

ரிசீவரை வைத்தார். கோட்டுப் பை அமைதியானது.

"தங்கமான பொம்பள" என்றார். "ஒரு வார்த்தை கோவிச்சுக்கல."

மெழுகை அவர் உருக்கினார், இடுக்கியைப் பிளேடக்காவிடம் கொடுத்தார். புள்ளியைப் பார்த்து அவளே நிமிர்த்தி வைத்தாள். அவர் குளிர்பலகையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஒரு வருஷமாவே மங்கலாத்தான் இருக்கு. சொன்னா வேலையை மாத்திடுவாங்களோன்னு…"

"எங்க வீட்டுக்காரர் ஏழு மணி வரைக்கும் கடையிலதான் இருப்பார், சார். இன்னைக்கே போறீங்க. அவர் கண்ணை மட்டும்தான் பாப்பார், வேற எதுவும் கேக்கமாட்டார்."

இரண்டாம் நாள் சாயங்காலம் டாக்டரம்மா கூப்பிட்டார். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பார்க்கிற நுண்ணோக்கி அது. வெட்டு நன்றாக அமைந்தால் வெட்டியவளைக் கூப்பிட்டுக் காட்டுவது அவர் வழக்கம்.

"பதினேழைப் பாருங்க. மேல்தோல் எப்படி மெலிஞ்சிருக்கு! அதுக்குக் கீழ ரோஸ் கலர்ல வழவழன்னு ஒரு பட்டை தெரியுதா? இணைப்புத் திசு இழை இழையாத்தான் இருக்கணும். இங்க எல்லா இழையும் ஒண்ணா உருகிக் கண்ணாடியாட்டம் ஆயிடுச்சு. இந்த நோய்க்குப் பேரு லைக்கன் ஸ்கிளிரோசஸ்."

பிளேடக்கா பார்த்தாள். ஒன்பது வருடமாக மனதில் இருப்பதாகச் சொல்லப்பட்டது ரோஸ் நிறத்தில், நீளவாக்கில், தகட்டில் இருந்தது. அதை நாலு பேரிடம் காட்ட முடியும்.

"சரியாகுமா டாக்டர்?"

"அடியோட போகாது. களிம்பு இருக்கு, விடாம போட்டா அடங்கும். காலத்துக்கும் ஒரு கண்ணு வெச்சுக்கணும், கவனிக்காம விட்டா சிலருக்குப் புத்துநோய் பக்கம் திரும்பிடும். தொத்தாது, யார் தப்பும் இல்ல." டாக்டரம்மா கண்ணை எடுக்காமலே சொன்னார்: "பாவம், எத்தனை வருஷம் அரிச்சுதோ. யார் நம்பியிருப்பா?"

ஒன்பது என்று நாக்கு நுனி வரை வந்தது. "வெட்டு சரியா வந்திருக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

"அற்புதமா வந்திருக்கு. இந்த ரிப்போர்ட்டே உங்களாலதான்."

கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அந்த வாக்கியத்தை மூன்று தடவை சொல்லிப் பார்த்தாள்.

ரிப்போர்ட்டை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்து மேஜை மேல் பையோடு வைத்ததுதான் பிசகு. குளித்துவிட்டு வந்தால் புருஷன் கையில் காகிதம், முகத்தில் பேயறைந்த களை.

"அக்காவுக்கு என்ன ஆச்சு? ஏன் என்கிட்ட மறைச்சீங்க ரெண்டு பேரும்?"

"அது வந்து…"

"முப்பத்தேழுன்னு போட்டிருக்கு. அம்பத்திரண்டு வயசுல இவளுக்கு இது தேவையா? ஆஸ்பத்திரியிலகூட வயசைக் குறைச்சுத்தான் சொல்லுவா." போனை எடுத்து அழுத்த ஆரம்பித்தார். "இரு, இப்பவே கேக்கறேன்."

"போனை வைங்க."

"கூடப்பொறந்தவ! நான் கேக்காம யார் கேப்பா?"

"வைங்கன்னா வைங்க! அது அக்கா இல்ல. நான்."

அவர் போனை வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டிக்கொண்டு, ரிப்போர்ட்டை முதலிலிருந்து படித்தார். 'எடுத்த இடம்' என்ற வரியில் விரல் நின்றது.

"இதைத்தான் அங்கே, அங்கேன்னு சொல்லிட்டிருந்தியா?"

"ஆமா." அவள் அந்த இடத்தின் பெயரைச் சொன்னாள். கூடத்தில் பதிவு செய்கிற அதே குரலில், தெளிவாக. வீடு இடிந்து விழவில்லை.

அவர் எழுந்து குளியலறைக்குப் போனார். சோப்புகளைப் பொறுக்கும் சத்தம் கேட்டது. ஒரு வாளி நிறைய எடுத்து வந்து கதவருகே வைத்தார். "நான் சோப்பு மாத்திட்டே இருந்திருக்கேன்" என்றார்.

மறுவாரம் கிளினிக்குக்குக் கூடவே வந்தார், இரண்டு பஸ்ஸும். தோல் மருத்துவர் சிரித்துக்கொண்டே பெயரைத் திருத்தினார். வயதையும் திருத்தினார், அது கொஞ்சம் வலித்தது.

மூன்று மாதத்தில் அரிப்பு அடங்கி, முக்காலியில் ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார முடிந்தது. மெழுகு சாருக்குக் கண்புரை எடுத்தாகிவிட்டது. இப்போது மேஜையில் யார் தூசி வைத்தாலும் கண்டுபிடித்துத் திட்டுகிறார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்தாள். பிளேடக்கா நல்ல நாற்காலியை இழுத்துப் போட்டு, மின்விசிறியை அவள் பக்கம் திருப்பி, கேட்காமலே இரண்டாவது காபியும் கொடுத்தாள். நாத்தனார் டம்ளரை முகர்ந்து பார்த்தாள்.

"என்னடி இது, புதுசா இவ்வளவு உபசாரம்? உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"இப்ப நல்லா இருக்கேன் அண்ணி" என்றாள் பிளேடக்கா. "எல்லாம் உங்க பேரைச் சொல்லித்தான்."

உள்ளே புருஷனுக்குப் புரையேறியது.