இந்த வருஷத்து ரேடியோ

ருக்மணிக்குக் காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. உலை வைத்தாள், அரிசி போட மறந்தாள். மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனவள் வெறும் வாளியோடு திரும்பினாள். பின்னே என்ன? அவள் தம்பி திருமலை அன்றைக்குச் சாயங்காலம் மெட்ராஸ் ரேடியோவில் பாடுகிறான். தாயில்லாப் பிள்ளை, இவள்தான் இடுப்பில் தூக்கி வளர்த்தாள். கால் மணி நேரப் பாட்டு, அதுவும் நேரடியாக. விட்டால் போச்சு.

விஜயபுரத்திலேயே ரேடியோ இருக்கிற வீடு இவர்களுடையதுதான். இருந்து என்ன பிரயோஜனம்? கூடத்தில் கல்யாணப் பெண்ணாட்டம் பளபளவென்று உட்கார்ந்திருந்ததே தவிர, பேசவில்லை.

எல்லாம் அவள் புருஷன் கோவர்த்தனன் செய்த கூத்து. முதலில் வாங்கின ரேடியோ நன்றாகத்தான் பாடியது. மறு வருஷம் உள்ளே ஒரு வால்வு போயிற்று. திருப்பதிக் கடைக்காரர் நாகையா, இது போன வருஷத்து மாடல், அந்த வால்வு இப்போது வருவதில்லை என்று கையை விரித்துவிட்டுப் புதுசைத் தலையில் கட்டினார். அன்றைக்குப் பிடித்தது மனுஷனுக்குப் பைத்தியம். கம்பெனிக்காரன் தீபாவளிக்குத் தீபாவளி ஒரு மாடல் விடுவான், இவர் பழசைக் கொடுத்துப் புதுசைத் தூக்கிக்கொண்டு வருவார். கேட்டால், மாகாணத்தைப் பிரிக்கிறார்கள், நம்ம ஊர் ஆந்திராவுக்கா மெட்ராஸுக்கா என்று எந்த நிமிஷமும் நியூஸ் வரும், தெளிவாகக் கேட்க வேண்டாமா என்பார். அந்த நியூஸ் பழைய பெட்டியிலும் தெளிவாகத்தான் கேட்டது.

ஊரில் கரண்ட் கிடையாது, ரேடியோ ஓடுவது பேட்டரியில்தான். இந்தத் தீபாவளிக்கு வந்த பெட்டிக்கு அந்தப் பேட்டரியே வேறு. வீட்டிலிருந்த பேட்டரி அதற்குச் சேராது. புதுசோ மெட்ராஸிலிருந்து வருகிறது, வருகிறது, வந்துகொண்டே இருக்கிறது. பழைய பெட்டியைத் திரும்ப வாங்கலாமென்றால், நாகையா அதைத் திருச்சானூர் லாட்ஜுக்காரர் ஒருவருக்கு விற்றே விட்டார்.

காலை பஸ்ஸில் திருப்பதிக்குப் போய், கடையில் நின்றாவது கேட்டுவிட்டு வரலாம் என்று ருக்மணி கெஞ்சினாள். கோவர்த்தனனுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. புது மாடல் வைத்திருக்கிற வீட்டுக்காரி கடை வாசலில் நிற்பதாவது, நாகையா சிரிக்க மாட்டானா? பழைய பேட்டரியையே ஒயர் போட்டுக் கட்டுகிறேன் பார் என்றார். பஸ் போய்விட்டது.

சாயங்காலம் தெருவே திரண்டு வந்தது. பக்கத்து வீட்டுச் செங்கம்மா பாயோடு வந்து முன்னாடி இடம் பிடித்துவிட்டாள். கோவர்த்தனன் வேர்த்து விறுவிறுத்து ஒயரை முறுக்கினார். பெட்டியில் விளக்கு எரிந்தது, கரகரவென்று ஏதோ சத்தம். ருக்மணி காதை அதோடு ஒட்டவைத்தாள். உள்ளே டப்பென்றது. கருகின நாற்றம் கூடமெல்லாம் பரவ, வந்தவர்கள் கலைந்து போனார்கள். இந்நேரம் பாடிக்கொண்டிருப்பானே என்று நினைத்ததும் அவளுக்குத் தாங்கவில்லை. சமையல்கட்டுக்குள் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

ரெண்டு நாள் கழித்துத் திருமலை வந்தான். கால்கூடக் கழுவாமல் நேரே அக்காவிடம் வந்து நின்றான். சின்ன வயசில் அவள் அவனைத் தூங்கவைக்கப் பாடுகிற பாட்டைத்தான் கடைசியில் பாடினானாம். கண்டுபிடித்தாளா என்று கேட்டான். கோவர்த்தனன் முந்திக்கொண்டு, பிரமாதம், தெருவே சொக்கிப் போச்சு என்றார்.

"நான் கேக்கலடா," என்றாள் ருக்மணி. "உங்க மாமா புதுசு வாங்கிக்கினு வந்தாரு."

திருமலையின் முகம் விழுந்துபோயிற்று. கோவர்த்தனன் அசடு வழிந்தார். அடுத்த வருஷமும் உன்னைக் கூப்பிடாமலா போவார்கள், அதற்குள் வருகிற மாடலில் மெட்ராஸ் இன்னும் சுத்தமாகக் கேட்குமாம் என்று ஆரம்பித்தார்.

ருக்மணி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"இன்னொரு பெட்டி இந்த வூட்டுக்குள்ள வந்துச்சின்னா, நான் எந்தம்பி வூட்டுக்குப் பூடுவேன். அவன் பாடுவான், நான் கேட்டுக்கினு கெடப்பேன். நீங்க வருஷத்துக்கு ஒண்ணா வாங்கிக்கினு இருங்க."