பீரோவில் பூட்டிய டிஸ்க்

அன்று பாகலூரில் எங்கள் வீட்டில் இருந்தவர்கள்: அதாவுல்லாவாகிய நான், என் மனைவி குல்ஷன், கல்யாணங்களுக்குப் படம் எடுக்கும் மகன் சமீர், அவன் மனைவி அஃப்ஸானா, முன்னறையில் காத்திருந்த கெலமங்கலத்துப் பெண் பிரவீனா. வேறு யாரும் இல்லை.

பிரவீனாவின் கல்யாணத்துக்குச் சமீர்தான் படம் எடுத்தான். அது முடிந்த சில நாட்களில் அவள் அப்பா கிருஷ்ணப்பன் மாரடைப்பில் போய்விட்டார். கேமராவைக் கண்டால் ஒதுங்குகிற மனிதர். மகள் கல்யாணத்தில் மட்டும்தான் முகம் காட்டி நின்றார். அவள் வந்திருந்த நாளுக்கு மறுநாள் காரியம்; அதில் மாலை போட்டு வைக்க அந்தப் படம் வேண்டும். தருகிறோம் என்று வாக்குக் கொடுத்தவன் நான்.

உள்ளறையிலிருந்து சமீர் கூப்பிட்ட குரலே சரியில்லை. கம்ப்யூட்டர் திரை முழுக்கச் சிவப்பு. உங்கள் கோப்புகளைப் பூட்டிவிட்டோம், பணம் கட்டினால்தான் திறப்போம் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. ஒரு படமும் திறக்கவில்லை. படங்களைச் சேர்த்து வைக்க எப்போதும் அதில் செருகியே கிடந்த டிஸ்க்குக்கும் அதே கதி. முகம் தெரியாத ஒருவன் என் வீட்டுக்குள் நிற்பது போல இருந்தது.

"ஓசியில எடிட்டிங் சாஃப்ட்வேர் ஒண்ணு இறக்கினேன் அத்தா..." என்று இழுத்தான் சமீர்.

அஃப்ஸானா அதற்குள் வைஃபை பெட்டியின் வயரைப் பிடுங்கியிருந்தாள். "மாமா, பீரோவுல ஒண்ணு இருக்குதுங்க."

வெள்ளிக்கிழமைதோறும் எல்லாப் படங்களையும் அவள் இன்னொரு டிஸ்க்கில் ஏற்றி, கழற்றி என்னிடம் கொடுப்பாள். நான் பூட்டி வைப்பேன். "நகைய விட அதுக்குத்தான் காவல் ஜாஸ்தி" என்று சமீர் கேலி செய்வான்.

எடுத்து வந்தேன். சமீர் கை நீட்டினான். "குடுங்க அத்தா, செருகிப் பாத்துடலாம்."

"இதுல செருகினா அதையும் தின்னுடும்!" அஃப்ஸானா குறுக்கே வந்து தடுத்தாள். "வேற கம்ப்யூட்டர் வேணும். என் லேப்டாப்பும் இதே வைஃபைதான், நம்ப முடியாது."

பிரவீனாவின் மடியில் லேப்டாப் பை இருந்தது எல்லோருக்கும் தெரியும். அதைக் கேட்டால் நடந்ததையும் அவளிடம் சொல்ல வேண்டும்.

"கரண்ட் இல்லேன்னு சொல்லி அனுப்பிடுங்க" என்றாள் குல்ஷன்.

"அவ தலைக்கு மேல ஃபேன் சுத்துது" என்றேன்.

வாக்குத் தவறப்போகிறேன் என்று வெளியாள் முன்னால் நான் நின்றதில்லை. டிஸ்க்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முன்னறைக்குப் போனேன்.

"அம்மா, எங்க கம்ப்யூட்டர்ல வைரஸ் புகுந்துருச்சு. உங்கப்பா படம் இருந்தா இதுல மட்டும்தான். உன் லேப்டாப் வேணும்."

அவள் முகம் வெளுத்தது. பையைத் திறந்தபடியே சொன்னாள்: "கேமராவுக்கே சிக்காதவரு, பாய். வைரசுக்கா சிக்குவாரு?"

அவள் லேப்டாப்பில் செருகியதும் டிஸ்க்கின் விளக்கு மினுங்கியது. திரையில் ஒன்றும் வரவில்லை. பிறகு படங்கள் வரிசையாக வந்தன. மகளுக்குப் பக்கத்தில் கிருஷ்ணப்பன், போலீஸ்காரர் முன்னால் நிற்பவர் போல விறைப்பாக. பிரவீனா வாயைப் பொத்திக்கொண்டாள்.

அதாவுல்லா திருடனுக்குப் பணம் கட்டிப் படத்தை மீட்டான் என்று பாகலூரில் சிலர் பேசுகிறார்கள். கட்டவில்லை. படம் என் பீரோவில் இருந்தது.